கண்ணாடியை விட்டு நீங்காத பசை

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் காரை நிறுத்தி, அதன் கண்ணாடிகளைச் சற்றே உற்று நோக்குவோமாயின், அக்குடும்பம் இந்நகருக்கு வந்த நாள்தொட்டு எங்கெங்கே குடியிருந்தது என்பதை ஒருவாறு சொல்லிவிடலாம். கே. ஆர். புரத்தில் இருந்தபோது அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தார் கொடுத்த வட்டமான ஸ்டிக்கர் ஒன்று. பொம்மனஹள்ளிக்கு மாறியபின் கிடைத்த நீண்ட சதுர ஸ்டிக்கர் ஒன்று. அலுவலக வளாகத்தில் வண்டி நிறுத்தும் உரிமைக்கென அளிக்கப்பெற்றது ஒன்று. சுங்கச்சாவடிக்கு உரிய ஃபாஸ்டேக் ஒன்று. இவற்றோடு, பின்கண்ணாடியில் சொந்த ஊர்க் கோயிலின் வேலோ மயிலோ ஒன்று. வாடகை வீடு மாறுந்தோறும் பழைய அடையாளத்தைக் களைந்து புதியதை ஒட்ட வேண்டியவராகின்றோம். களையுங்கால் மேல்தாள் மட்டும் நம் கையோடு வந்துவிடுகிறது. பசை கண்ணாடியிலேயே தங்கிவிடுகிறது. இரண்டு நாளில் தெருப்புழுதியெல்லாம் அதன்மேல் படிந்து, கரிய திட்டாகக் காட்சியளிக்கிறது.

இதனை நீக்கும் வழி யாதென அன்பர்கள் சிலர் எழுதிக் கேட்டிருக்கின்றனர். அவர்களுள் அல்சூர் அன்பர் ஒருவர், சவர பிளேடு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், பெட்ரோல் ஆகிய மூன்றனுள் எது நன்று என்று வினவுகிறார். பின்னவை இரண்டும் அறவே வேண்டா. முன்னதற்கு நிபந்தனைகள் பல உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இரவெல்லாம் வண்டியோட்டி ஊர் செல்லும் குடும்பங்கள் நம்முள் மிகுதி. ஓட்டுபவரின் கண்ணெதிரே உள்ள கண்ணாடியில் விழும் கீறல் சிறிய செய்தியன்று. ஆதலின் இத்திங்கள் இதனைச் சற்று விரிவாகவே எழுதக் கருதுகிறோம்.

இந்தத் தொல்லை நம் நாட்டுக் கார் உடைமையாளர் அனைவரையும் ஒருங்கே பற்றிய காலங்கள் இரண்டு உண்டு. முதலாவது 2012ஆம் ஆண்டு. கார்க் கண்ணாடிகளில் கரிய சன் ஃபிலிம் ஒட்டுவதைத் தடுத்து, அவ்வாண்டு ஏப்ரல் 27ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மே 4ஆம் நாள் முதல் அத்தீர்ப்பு நடைமுறைக்கு வந்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஏற்கெனவே இருந்த கட்டளை. அவ்வளவைக் கண்ணாடி தன் இயல்பாலேயே பெற்றிருத்தல் வேண்டும், மேலே எதையும் ஒட்டுதல் கூடாது என்று நீதிமன்றம் அன்று விளக்கியது. பின்னர் அவ்விதியில் திருத்தங்கள் வந்துள்ளன. அவை நம் பொருளுக்கு அப்பாற்பட்டவை. போக்குவரத்துக் காவலர் சாலையில் நிறுத்தி அபராதம் விதிக்கத் தொடங்கவே, மக்கள் கிடைத்த கருவியைக் கொண்டு ஃபிலிமை உரிக்கலாயினர். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த ஃபிலிம் முழுதாக வருமா? கந்தல் கந்தலாகவே வரும். பசையோ கண்ணாடி முழுவதும் பரவி நிற்கும். அதைச் சுரண்டப் புகுந்தவர்களுள் பலர் பின்கண்ணாடியைப் பாழாக்கிக்கொண்டனர். அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாவது 2024ஆம் ஆண்டு. தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளில் ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. 2024 ஜனவரி 31ஆம் நாள் இந்திய ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையாலும், அதன் தொடர்ச்சியாக வந்த அறிவிப்பாலும், பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி வழங்கிய ஃபாஸ்டேக்குகளில் மார்ச் 15ஆம் நாளுக்குப்பின் பணம் நிரப்ப இயலாது என்றாயிற்று. இருக்கும் தொகையைச் செலவிடலாம், புதிதாகச் சேர்க்கலாகாது. அவ்வங்கியின் ஃபாஸ்டேக்கை ஒட்டியிருந்தோர் மிகப் பலர். அவர்கள் அனைவரும் பழையதைக் கிழித்து, வேறு வங்கியின் ஃபாஸ்டேக்கை ஒட்ட நேர்ந்தது. ஒரு வண்டிக்கு ஒரே ஃபாஸ்டேக் என்னும் நெடுஞ்சாலை ஆணையத்தின் ஏற்பாடும் அவ்வேளையிலேயே வந்து சேர்ந்தது. முகப்புக் கண்ணாடியின் உட்புறத்தில், பின்னோக்கும் ஆடிக்கு அருகே, அந்தப் பசைத் திட்டு இன்றுவரை நீங்காமல் நிற்கும் கார்களை ஓசூர் சாலையில் நாள்தோறும் காணலாம்.

இனி அப்பசையின் இயல்பை நோக்குவோம். திரைப்படச் சுவரொட்டியை மைதாப் பசையால் ஒட்டுகிறார்கள். அப்பசை நீர் வற்றி இறுகுவதால் பிடிக்கிறது; மீண்டும் நீர்பட்டால் இளகிவிடுகிறது. மழையில் சுவரொட்டி தொங்குவது இதனால்தான். ஸ்டிக்கரின் பசை இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அஃது உலர்வதே இல்லை. உலராதிருப்பதே அதன் சிறப்பு. ரப்பர் போன்ற நீண்ட மூலக்கூறுகளால் ஆனது அது. பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் செயற்கைப் பொருளாகவோ, பிசின் கலந்த ரப்பராகவோ இருக்கும். விரலால் அழுத்தினால் மெல்லப் பாய்ந்து கண்ணாடியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் எல்லாம் படிந்துகொள்ளும். திடீரென இழுத்தாலோ திண்பொருள்போல் எதிர்த்து நிற்கும். மெல்லத் தொட்டால் நீர்மம், வல்லிதின் பற்றினால் திண்மம் என்னும் இவ்விரட்டைத் தன்மையே நம்மைத் திகைக்க வைப்பது. அமெரிக்காவில் ரிச்சர்டு ட்ரூ என்பவர் 1925இல் கார்களுக்கு இருநிற வண்ணம் பூசுவோருக்கு உதவவே இவ்வகைப் பசைநாடா ஒன்றை அமைத்தார்; 1930இல் செல்லோபேன் தாளிலான நாடாவையும் அவரே கொண்டுவந்தார். கார்ப் பட்டறையில் பிறந்த பசை மீண்டும் கார்க் கண்ணாடிக்கே வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

நீர் இதனுள் புகாது. சோப்புநீரும் மேற்புறத்து அழுக்கை மட்டுமே கழுவும். எண்ணெய் இனத்தைச் சேர்ந்த பொருளே இதனுள் புக வல்லது. எண்ணெய் புகப் புகப் பசை ஊறி உப்பி, கண்ணாடியின்மீதுள்ள பிடியைத் தளர்த்தும். இதற்குக் காலம் வேண்டும். பத்து நிமிடம் பொறுக்க மாட்டாதவர் பத்து ஆண்டு நிற்கும் கீறலைப் பெறுகிறார். வெயிலின் செயலையும் இங்கே கருதுதல் வேண்டும். புதிய ஸ்டிக்கரின் பசை இளக்கமாக இருக்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல, சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் அம்மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைத்து முறுக்கேற்றிவிடும். ஆகவே ஐந்தாண்டுப் பசைக்கு ஓராண்டுப் பசையைவிட நெடுநேரம் எண்ணெயில் ஊறல் வேண்டும்.

நம் வீட்டு அலமாரியிலேயே இதற்குரிய மருந்துகள் உள்ளன. முதலாவது தேங்காயெண்ணெய். மேல்தாள் எஞ்சியிருந்தால், முதலில் வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் ஐந்து நிமிடம் வைத்துத் தாளைக் கழற்றுக. கொதிநீரைக் கண்ணாடியில் ஊற்றலாகாது. திடீரென ஓரிடம் மட்டும் சூடேறினால், முன்பே சிறு விரிசலுள்ள முகப்புக் கண்ணாடி குறுக்கே வெடித்தோடும். தலைமயிர் உலர்த்தும் கருவி இருப்பின் அதன் இளஞ்சூடு மிகவும் நல்லது. சூட்டில் பசை இளகும்போது, தாளின் ஒரு முனையைப் பற்றி, கண்ணாடியை ஒட்டினாற்போல் தாழ்வாகவும் மெதுவாகவும் இழுத்தால், பசையும் தாளோடு பெரும்பகுதி வந்துவிடும். விரைந்து இழுத்தால் தாள் மட்டும் கிழியும். எஞ்சிய பசைமீது தேங்காயெண்ணெய் தோய்ந்த பஞ்சை அப்பி, மேலே சிறு பாலிதீன் துண்டொன்றை ஒட்டிவைத்து, அரைமணி நேரம் பொறுக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்க் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்து நிற்கும். அக்காலத்தில் நல்லெண்ணெயோ கடலையெண்ணெயோ கொள்ளலாம். பின்னர்ப் பஞ்சை எடுத்துவிட்டு, காலாவதியான வங்கி அட்டையின் விளிம்பால் ஒரே திசையில் தள்ளினால், பசை சுருண்டு சுருண்டு வரும்.

தேங்காயெண்ணெய்க்கு இணங்காத பழம்பசைக்கு நீலகிரித் தைலத்தை நாம் பரிந்துரைப்போம். சளிக்கு ஆவி பிடிக்க வைத்திருக்கும் அதே தைலந்தான். யூகலிப்டஸ் மரத்தை இந்நாட்டில் முதன்முதல் திப்பு சுல்தான் 1790 அளவில் நந்திமலைத் தோட்டத்தில் நட்டார் என்பர். நீலகிரிக்கு அது விறகுக்காக 1843இல் சென்றதாகக் கூறுவர். ஆகவே இது நம் பெங்களூருக்கு அயலான மருந்தன்று! இத்தைலத்தின் பெரும்பகுதியான சினியோல் என்னும் பொருள் பிசினையும் ரப்பரையும் எளிதில் இளக்கும். பஞ்சில் சில துளி போதும். ஐந்து நிமிடத்தில் பசை குழையத் தொடங்கும். ஆயின் இது பிளாஸ்டிக்கையும் வண்ணப் பூச்சையும் மங்கச் செய்யலாம். எளிதில் தீப்பற்றவும் கூடும். கதவுகளைத் திறந்துவைத்து, டாஷ்போர்டின்மேல் பழைய துண்டொன்றை மடித்து விரித்து, தைலத்தைக் கண்ணாடியில் தெளிக்காமல் துணியில் நனைத்தே துடைக்க வேண்டும். குழந்தைகள் கையில் அப்புட்டி அகப்படலாகாது. சிறிதளவு உட்கொண்டாலும் அவர்களுக்கு நஞ்சாகும்.

2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க் காலத்தில் வாங்கிய கைதூய்மி பல வீடுகளில் இன்றும் எஞ்சியிருக்கும். அதிலுள்ள ஆல்கஹால், அக்ரிலிக் இனப் பசையைச் சற்றே இளக்கும். கூழாக இருப்பதால் கண்ணாடியில் வழியாமல் நிற்பதும் ஒரு வசதி. எண்ணெயால் பெரும்பகுதியை நீக்கியபின், மீந்த மெல்லிய ஏட்டைத் துடைக்க இது ஏற்றது. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் வெறுங் கண்ணாடியில் வேலை செய்யும். ஆனால் ஒரு துளி டாஷ்போர்டில் விழுந்தால் அழியாத வடு உண்டாகும். அதனை வெளிப்புறக் கண்ணாடிக்கு மட்டும், அதுவும் வண்ணப் பூச்சில் படாமல், கையாளுவதே முறை. கண்ணாடியின் உட்புறத்தில் ஃபிலிம் ஒட்டியிருப்பவர் அதனைத் தொடவே வேண்டா.

பெட்ரோலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பசையை அது கரைக்கும் என்பது மெய்யே. ஆயின் பெட்ரோலின் ஆவி, சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி அளவிலும் பற்றக்கூடியது. மூடிய காருக்குள் ஒரு துணி பெட்ரோலைப் பிழிந்துகொண்டிருக்கும் வேளையில் எங்கேனும் ஒரு மின்பொறி தோன்றினால் விளைவை விவரிக்க வேண்டுவதில்லை. தின்னரும் அத்தகையதே. மண்ணெண்ணெய் அவ்வளவு விரைவில் பற்றாதெனினும், அதன் நாற்றம் இருக்கைத் துணியில் ஏறிவிட்டால் திங்கள் பல ஆனாலும் போகாது. தேங்காயெண்ணெய் இருக்க மண்ணெண்ணெயை நாடுவானேன்?

இனி பிளேடு. கண்ணாடியைப் பிளேடு கீறுமா என்பது பலருக்கும் உள்ள ஐயம். கனிமங்களின் கடினத்தை அளக்க ஃபிரெடரிக் மோஸ் என்னும் ஜெர்மானியர் பத்துப் படிகள் கொண்ட அளவுகோல் ஒன்றை வகுத்தார். அதன்படி கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரைப் படியில் நிற்கும். பிளேடின் எஃகும் அதற்கு அணித்தே நிற்கும். ஆகவே தூய ஈரக் கண்ணாடியில் தட்டையாகச் செல்லும் புதிய பிளேடு பெரும்பாலும் கீறுவதில்லை. கீறுவது பிளேடின் கீழே அகப்படும் மணல். மணலில் உள்ள குவார்ட்ஸ் ஏழாம் படியில் நிற்கிறது. நம் நகரோ, லால்பாக் குன்றில் கண்கூடாகக் காணும் மிகப் பழமையான நைஸ் பாறையின்மேல் அமைந்தது. முந்நூறு கோடி ஆண்டு வயதுடையதெனச் சொல்லப்படும் அப்பாறையில் குவார்ட்ஸ் நிறைய உண்டு. அது சிதைந்த மண்ணும், கட்டட வேலைகளின் மணலுமே பெங்களூர்ப் புழுதியாகப் பறக்கின்றன. பசைத் திட்டில் படிந்து கிடப்பதும் அப்புழுதியே. அதன்மேல் உலர்ந்த பிளேடை ஓட்டினால், கண்ணாடியை மணற்காகிதத்தால் தேய்த்ததற்கு ஒப்பாகும். பச்சை நாரிலோ தேய்ப்பதற்கென்றே கடினத் துகள்களை ஒட்டியிருக்கிறார்கள். பாத்திரத்திற்கு நன்மையாவது கண்ணாடிக்குத் தீமையாகிறது.

பிளேடு இன்றியமையாததாயின், முகப்புக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும் கொள்க. முதலில் நிறைய நீர் விட்டுப் புழுதியைக் கழுவி, எண்ணெயோ சோப்புநீரோ தடவி, பிடியுள்ள சுரண்டியில் புதிய பிளேடைப் பொருத்தி, முன்னோக்கி மட்டும் தள்ளுக, பின்னோக்கி இழுக்கலாகாது. பக்கக் கண்ணாடிகள் பதப்படுத்தப்பட்ட இனத்தவை. சூட்டடுப்பில் பதப்படுத்தும்போது சில வேளைகளில் நுண்துகள்கள் அவற்றின் பரப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளேடு அவற்றைப் பெயர்த்து இழுத்துச் சென்றால் நெடுங்கீறல் விழும். அங்கே பிளாஸ்டிக் அட்டையே போதும்.

பின்கண்ணாடியின் உட்புறத்தில் எந்தக் காரணத்தாலும் பிளேடு படலாகாது. அங்கே கிடையாக ஓடும் மெல்லிய கபில நிறக் கோடுகள் அழகுக்காக வரைந்தவையல்ல. வெள்ளி கலந்த குழம்பால் அச்சிட்டுச் சுட்ட மின்கோடுகள் அவை. மழைக்காலத்தில் கண்ணாடியில் படியும் பனிமூட்டத்தை அவை சூடாகி அகற்றுகின்றன. ஒரு கோட்டில் மயிரிழை அளவு வெட்டு விழுந்தாலும் அக்கோடு முழுவதும் செயலற்றுவிடும். 2012இல் சன் ஃபிலிமை உரித்தவர்கள் இழந்தவை இக்கோடுகளே. ஜே. சி. சாலையில் காருக்கு வேண்டிய துணைப் பொருள்கள் விற்கும் கடைக்காரரைக் கேட்டால், வெள்ளிக் குழம்பால் அறுந்த இடத்தை இணைக்கலாம் என்பார். இணைக்கலாந்தான், ஒன்றிரண்டு வெட்டுக்கு அது பயன்படும், பத்து வெட்டுக்கு ஆகாது. ஊர்க் கோயிலின் ஸ்டிக்கரைப் பலர் ஒட்டுவதும் இக்கண்ணாடியில்தான். அது வெளிப்புறத்தில் இருந்தால் அச்சமில்லை. உட்புறத்தில் இருந்தால், எண்ணெயில் ஊறவைத்துக் கோடுகளின் போக்கிலேயே, அதாவது கிடையாகவே, மெல்லத் துடைக்க வேண்டும்.

முகப்புக் கண்ணாடியின் உட்புறத்துக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அது இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் ஏடு வைத்து இணைத்தது. தைலமோ அசிட்டோனோ விளிம்பில் வழிந்து தேங்கினால் அவ்வேட்டைத் தாக்கலாம். புதிய கார்கள் சிலவற்றில் பின்னோக்கும் ஆடிக்குப் பின்னால் சாலையைக் காணும் கேமராவும், மழையை உணரும் கருவியும் இருக்கும். ஃபாஸ்டேக்கும் அவற்றுக்கு அருகிலேயே இருப்பதால், கேமராவின் எதிரே எண்ணெய்க் கை படாமல் பார்த்துக்கொள்க.

பசை போயிற்று என்று மகிழ்ந்து வேலையை அத்துடன் நிறுத்திவிடுவோர் உளர். பசையைப் போக்கிய எண்ணெயைப் போக்குவது அதனினும் முக்கியம். பகலில் அந்த எண்ணெய் ஏடு கண்ணுக்குத் தெரியாது. இரவில் கிருஷ்ணகிரியைக் கடந்து, தொப்பூர்க் கணவாயின் சரிவில் இறங்கும்போது, எதிரே வரும் லாரியின் விளக்கொளி அவ்வேட்டில் பட்டுச் சிதறி, கண்ணாடி முழுவதும் வெண்புகை படர்ந்தாற்போல் ஆகிவிடும். அக்கணத்தில் முன்னே செல்லும் வண்டியின் சிவப்பு விளக்கு மறைந்துபோகக் கூடும். பச்சை நாரால் விழுந்த நுண்கீறல்களும் இவ்வாறே ஒளியைச் சிதறடிக்கும். எண்ணெயைத் துடைத்துவிடலாம், கீறலைத் துடைக்க இயலாது. ஆகவே, பாத்திரம் துலக்கும் சோப்புநீர்மம் சில துளி கலந்த நீரால் இருமுறை கழுவி, வெறும் நீரால் ஒருமுறை துடைத்து, நுண்ணிழைத் துணியால் உலர்த்துக. பின்னர், இருட்டியபின் காருக்குள் அமர்ந்து, வெளியே இருந்து ஒருவரைக் கைவிளக்கைச் சாய்வாகக் காட்டச் சொல்லுக. எண்ணெய்த் தடம் இருந்தால் வானவில் நிறத்தில் தானே காட்டிக்கொடுக்கும்.

புதிய வீட்டுச் சங்கத்தார் ஸ்டிக்கர் தந்தால், அதைக் கண்ணாடியில் நேரே ஒட்டவேண்டும் என்பதில்லை. பசையின்றித் தானே பற்றும் மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவ்வேட்டின்மேல் ஸ்டிக்கரை ஒட்டி, ஏட்டைக் கண்ணாடியின் உட்புறத்தில் பொருத்திவிட்டால், வீடு மாறும் நாளில் நகத்தால் எடுத்துவிடலாம். காவலர் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்பதே அச்சங்கத்தார் நோக்கம்.

ஃபாஸ்டேக்குக்கு இவ்வழி ஆகாது. அதனை உட்புறத்தில் கண்ணாடியோடு நேரே ஒட்டியே தீரவேண்டும். கையில் வைத்துக் காட்டுவோரிடமும் டாஷ்போர்டில் போட்டுவைப்போரிடமும் இருமடங்கு கட்டணம் பெறலாம் என 2024 ஜூலையில் நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. அதன் உள்ளே நுண்ணிய சில்லும், அதைச் சுற்றி உலோக ஏட்டாலான அலைவாங்கியும் உள்ளன. உரிக்கும்போது அலைவாங்கி கிழிந்துவிடுமாறே அமைத்திருக்கிறார்கள். ஆதலின் ஒருமுறை உரித்ததை மீண்டும் ஒட்டிப் பயனில்லை. பழையதை உரிக்குமுன் அதனை வழங்கிய வங்கியிடம் கணக்கை முடித்து, எஞ்சிய தொகையையும் வைப்புத்தொகையையும் கேட்டுப் பெற்றுக்கொள்க. புதியது கையில் வந்து சேர்ந்த பின்னரே உரிக்கத் தொடங்குக. இடைப்பட்ட நாளில் அத்திப்பள்ளிச் சாவடியைக் கடக்க நேர்ந்தால் வீண் செலவு. எண்ணெய் போகக் கழுவிய கண்ணாடி ஓரிரவு உலர்ந்தபின், வெயில் ஏறுமுன் நிழலில் வண்டியை நிறுத்தி, பழைய திட்டு இருந்த அதே இடத்தில் புதியதை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுக.